பாட்டுக்கென்று ஒரு தனிப் பெட்டி

2022 மே 9ஆம் திகதி காலிமுகத்திடல் போராட்டக்காரர்கள் தாக்கப்பட்டார்கள். பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ பதவி விலகினார். நாடெங்கும் ஊரடங்கு. மறுநாள் அப்பிள் நிறுவனம் ஐபொட்டுக்கு முடிவுரை எழுதியது: கையிருப்பு தீரும்வரை விற்பனை, அதோடு சரி. எரிவாயு வரிசை, பெற்றோல் வரிசை, மின்வெட்டு என்று அல்லாடிக்கொண்டிருந்த கொழும்பில் அந்தச் செய்தியைத் திரும்பிப் பார்க்க யாருக்கும் பொழுதில்லை. 2001 ஒக்டோபரில், ஆயிரம் பாட்டுப் பிடிக்கும் என்று சொல்லி 399 டொலர் விலையோடு அறிவிக்கப்பட்ட சாமான் இருபதரை ஆண்டு கழித்துச் சந்தடியில்லாமல் போய்ச் சேர்ந்தது. போனிலேயே எல்லாம் இருக்கும்போது பாட்டுக்குத் தனியாக ஒன்று எதற்கு என்ற கேள்விக்கு, அதைச் செய்தவர்களிடமே பதில் இருக்கவில்லை.

ஆனால் சாமான் ஒழியவில்லை. சொனி இன்னும் வோக்மன் என்ற பெயரில் பிளேயர் செய்கிறது. சீனாவின் ஃபியோ, ஹைபி போன்ற நிறுவனங்கள் சட்டைப்பைக்குள் அடங்கும் சின்னப் பிளேயர்களைச் செய்து தள்ளுகின்றன. அதில் ஒன்று பார்வைக்குப் பழைய ஒலிநாடாப் பிளேயர் போலவே இருக்கிறது. பழைய ஐபொட் கிளாசிக்கைத் திறந்து, உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு மெமரி கார்ட் பொருத்திக்கொள்ளும் கூட்டமும் உலகெங்கும் உண்டு. ஹெவ்லொக் டவுனில் இருப்பவர் இப்படி ஒன்று தேடினால் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டியிருக்கும், அல்லது இணையத்தில் வரவழைக்க வேண்டியிருக்கும். கடைக்காரர் முதலில் புளூடூத் ஸ்பீக்கரைத்தான் எடுத்து நீட்டுவார்.

இந்த அலைச்சலுக்குப் பயன் உண்டா? உண்டு. ஆனால் வழக்கமாகச் சொல்லப்படும் காரணத்துக்காக இல்லை.

வழக்கமான காரணம் ஒலித் தரம். தனிப் பிளேயரில் நல்ல சிப் இருக்கிறது, போனில் அது இல்லை என்று சொல்வார்கள். 2016இல் ஐபோன் 7இலிருந்து இயர்போன் துளையை எடுத்ததிலிருந்து இந்தப் பேச்சு இன்னும் கூடிவிட்டது. அமைதியான அறையில், நல்ல ஹெட்போனில், தேர்ந்த காதுக்கு வித்தியாசம் தெரியலாம். ஹெவ்லொக் வீதியில் மாலை ஐந்தரைக்கு 120ஆம் இலக்க பஸ்ஸில் நின்றுகொண்டு வருபவருக்கு அது தெரியப்போவதில்லை. பஸ்ஸின் எஞ்சின் ஒரு பக்கம், சாரதி போட்டிருக்கும் பைலா மறுபக்கம். அந்த இரைச்சலில் 320 கிலோபிட் எம்.பி.3க்கும் அதைவிட மூன்று மடங்கு பெரிய கோப்புக்கும் வேறுபாடு கண்டுபிடிப்பதாகச் சொல்பவரை நம்பத் தேவையில்லை.

அதே பஸ்ஸில் உண்மையாக நடப்பது வேறு. பல்லவி முடிகிறது, வங்கியிலிருந்து குறுஞ்செய்தி, பாட்டு ஒரு நொடி தணிகிறது. அனுபல்லவியில் குடும்ப வட்ஸ்அப் குழுவில் யாரோ பிறந்தநாள் வாழ்த்துப் போட, அதற்கு இருபத்திரண்டு பேர் கைகூப்புகிறார்கள். சரணம் வருவதற்குள் அலுவலகத்திலிருந்து அழைப்பு. அழைப்பு முடிந்ததும் பாட்டுக்குத் திரும்ப வேண்டியவர், கையில்தான் போன் இருக்கிறதே என்று பேஸ்புக்குக்குள் போய்விடுகிறார். திம்பிரிகஸ்யாய சந்தியில் கேட்கத் தொடங்கிய பாட்டு பாமன்கடைக்கு வந்தும் முடிந்தபாடில்லை. இதில் போனின் குற்றம் எதுவுமில்லை. குறுக்கிடுவதற்கென்றே செய்த சாமான் அது, தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது.

காசுக் கணக்கும் கொஞ்சம் பார்க்கலாம். 320 கிலோபிட் தரத்தில் இணையவழி பாட்டுக் கேட்டால் ஒரு மணித்தியாலத்துக்கு 144 மெகாபைட் டேட்டா போகும். நாளுக்கு இரண்டு மணித்தியாலம் என்றால் மாதம் எட்டரை கிகாபைட்டுக்கு மேல். யூடியூபில் படத்தோடு ஓடவிட்டுப் போனைச் சட்டைப்பையில் போடுபவர்களுக்கு இதைவிடக் கூட. மாறாக, ஐந்து நிமிடப் பாட்டு ஒன்று அதே தரத்தில் 12 மெகாபைட்தான். 64 கிகாபைட் மெமரி கார்டில் ஏறக்குறைய ஐயாயிரம் பாட்டு அடங்கும். ஐயாயிரம் பாட்டு என்பது, கேட்டதையே திரும்பக் கேளாமல் ஓடவிட்டால், இரவுபகலாகப் பதினேழு நாள்.

ஆனால் காசையும் கவனச்சிதறலையும்விடப் பெரிய விடயம் ஒன்று உண்டு: அடுத்த பாட்டு எது என்று தீர்மானிப்பவர் யார்?

கொழும்புத் தமிழருக்கு இந்தக் கேள்வியில் நூறாண்டு அனுபவம் இருக்கிறது. 1925 டிசம்பர் 16ஆம் திகதி கொழும்பு வானொலி தன் ஒலிபரப்பைத் தொடங்கியது. பின்னாளில் ரேடியோ சிலோனாகி, 1967இல் கூட்டுத்தாபனமான அந்த நிலையம் ஹெவ்லொக் டவுனிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில், சுதந்திர சதுக்கத்தருகே இருக்கிறது. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர் திரைப்பாடல்கள் மீது கொண்ட ஒவ்வாமையால் அகில இந்திய வானொலியில் அவை சுருங்கிப்போக, அந்த இடத்தைக் கொழும்பு பிடித்துக்கொண்டது. இந்தியில் அமீன் சயானி, தமிழில் மயில்வாகனன், பிறகு கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம். தென் தமிழகம் முழுக்கக் கொழும்பு போட்ட பாட்டைக் கேட்டது. பட்டியல் அறிவிப்பாளருடையது. நேயர் செய்யக்கூடியது தபாலட்டையில் விருப்பம் எழுதிப் போட்டுவிட்டு, தன் பெயரைச் சொல்வார்களா என்று காத்திருப்பதுதான்.

ஒலிநாடா வந்தபின் பட்டியல் கைமாறியது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் யாழ்ப்பாணத்திலும் ‘ரெக்கோர்டிங் பார்’ என்ற பெயரில் கடைகள் முளைத்தன. அப்பியாசக் கொப்பியில் கிழித்த தாளில் பாட்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், கூடவே ஒரு வெற்று நாடா. 90 நிமிட நாடாவென்றால் பக்கத்துக்குப் பத்துப் பாட்டு, மொத்தம் இருபது. எந்தப் பத்து? முதலாவது எது? சோகப் பாட்டுக்குப் பின்னால் எதைப் போட்டால் பொருந்தும்? இதற்காக நண்பர்களுக்குள் சண்டையே நடந்ததுண்டு. பக்கத்தின் கடைசியில் இரண்டு நிமிடம் மிஞ்சினால் கடைக்காரர் தன் விருப்பத்துக்கு ஏதாவது வாத்திய இசையை நிரப்பிவிடுவார்; அதற்கும் சிலர் சண்டைக்குப் போவார்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, நாடாவின் முதுகில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளைப் பேனா முனையால் உடைப்பது. உடைத்துவிட்டால் தம்பியோ தங்கையோ அதன்மேல் வேறெதையும் பதிய முடியாது. இருபதே பாட்டு என்ற நெருக்கடிதான் அந்தத் தாளில் எழுதியவரை யோசிக்க வைத்தது.

யாழ்ப்பாணத்துக் கதை தனி. 1990இல் மீண்டும் போர் மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடையில் பட்டரியும் சேர்ந்துகொண்டது. அப்போது சைக்கிளைக் கவிழ்த்தோ ஸ்டாண்டில் நிறுத்தியோ, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் இழுத்துப் பாட்டுக் கேட்டார்கள். பிபிசி தமிழோசையும் கேட்டார்கள். சைக்கிள் டைனமோ 6 வோல்ட், நாலு பட்டரி போடும் பிளேயருக்கும் அதே 6 வோல்ட். சுற்றுபவர் களைத்தால் பாடகரின் குரலும் சேர்ந்து இழுபடும். அவ்வளவு பாடுபட்டுக் கேட்கும்போது, பத்து விநாடி கேட்டுவிட்டு அடுத்த பாட்டுக்குத் தாவ யாருக்கு மனம் வரும்?

இன்று பட்டியல் போடுவது ஆளில்லாத ஒரு கணக்குமுறை. ஸ்பொட்டிஃபை 2021இல் இலங்கைக்கு வந்தது. கோடிக்கணக்கான பாட்டு அதில் இருக்கிறது. ஒரு தடவை குத்துப் பாட்டொன்றைப் போட்டுவிட்டால் ஒரு வாரத்துக்கு அதன் தம்பி, மச்சான், ஒன்றுவிட்ட சகோதரன் எல்லாம் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். புதிய பாட்டைக் கண்டுபிடிக்க இதைப்போல வசதியான வழி கிடையாது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அங்கே கேட்பவருக்கு இருப்பது அனுமதி மட்டுமே. 2023 மார்ச்சில் உரிமப் பேச்சு முறிந்ததும் ஸீ மியூசிக் நிறுவனத்தின் இந்திப் பாடல்கள் ஸ்பொட்டிஃபையிலிருந்து காணாமல் போயின. மாதச் சந்தா கட்டியவர்களின் பட்டியலிலும் ஓட்டை விழுந்தது. இளையராஜா பாடல்களின் உரிமை யாருக்கு என்ற வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடப்பதைப் பார்த்தவர்களுக்கு, நாளை எது இருக்கும், எது போகும் என்று உறுதி சொல்ல முடியாது.

அரசாங்கமும் தன் பங்குக்குக் கைவைக்கும். 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, ஊரடங்கோடு சேர்த்து பேஸ்புக், வட்ஸ்அப், யூடியூப் எல்லாவற்றையும் முடக்கினார்கள். பிற்பகலில்தான் விட்டார்கள். அதற்கு முன்பு 2018 மார்ச்சில் திகன வன்முறையின்போதும், 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளின் பின்னும் சமூக வலைத்தளங்கள் அடைபட்டன. அந்த நாட்களில் பாட்டுக் கேட்க முடியாததை யாரும் பெரிய இழப்பாக எண்ணியிருக்க மாட்டார்கள், அது சரி. ஆனால் 2022 மார்ச் கடைசியில் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு வந்தபோது நிலைமை வேறு. போனில் மிஞ்சிய பட்டரியை அழைப்புக்கும் வெளிச்சத்துக்கும் பொத்திப் பொத்தி வைக்க வேண்டியிருந்தது. பாட்டுக்கென்று வேறொரு சாமான் வைத்திருந்தவர் அந்த இருட்டில் கணக்குப் பார்க்காமல் கேட்டிருக்கலாம்.

இந்தக் கதையில் எதிர்பாராத வெற்றி ஒன்று உண்டு. பழைய எச்.எம்.வி. நிறுவனத்தின் வாரிசான சரிகம 2017இல் ‘கார்வான்’ என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. ஐயாயிரம் பழைய பாட்டு உள்ளேயே பதிந்திருக்கும், இணையம் வேண்டாம், குமிழைத் திருப்பினால் பாடகர் மாறுவார். ஸ்பீக்கர் வைத்த கார்வானைச் சட்டைப்பையில் போட முடியாதென்றாலும் தூக்கிக்கொண்டு அறைக்கு அறை போகலாம். தமிழுக்கும் தனிப் பதிப்பு வந்தது. போன் திரையில் தடவித் தடவிக் களைத்த அப்பா அம்மாவுக்குப் பிள்ளைகள் வாங்கிக் கொடுக்கும் பரிசாக அது ஓடியது. சென்னைக்குப் போய் வருபவர்களின் பெட்டிக்குள் ஏறி வெள்ளவத்தை மாடிவீடுகளுக்கும் வந்தது. போன் எல்லாம் செய்கிற காலத்தில், ஒன்றை மட்டும் செய்யும் சாமானுக்கு ஆளிருக்கிறது என்று அது காட்டியது. ஒரே குறை: அந்த ஐயாயிரமும் சரிகம பொறுக்கியவை. அந்த நிறுவனத்திடம் உரிமை இல்லாத பாட்டு அதில் வர வழியில்லை. யூ.எஸ்.பி.யில் தன் பாட்டைச் செருகிக் கேட்கலாம் என்பது ஆறுதல்.

புதிதாக எதையும் வாங்காமலே இதைச் செய்யலாம் என்பார்கள், அதுவும் சரியே. எல்லா வீட்டிலும் அலுமாரிக்குள் ஒரு பழைய போன் கிடக்கிறது. சிம்மை எடுத்துவிட்டு, தேவையற்ற செயலிகளை அழித்து, மெமரி கார்டில் பாட்டை ஏற்றினால் அதுவும் ஒரு பிளேயர்தான். இயர்போன் துளையும் பெரும்பாலும் இருக்கும். டொலர் விலையில் வரும் சாமானுக்கு இலங்கையில் ஏறும் வரியையும் நினைத்தால், முதலில் இதைப் பரீட்சித்துப் பார்ப்பதே புத்தி. இதில் ஒரு பொறி இருக்கிறது: வீட்டு வைஃபை. ஒருநாள் எதற்கோ வைஃபையைப் போட்டால் மறுநாள் யூடியூப் உள்ளே வந்து குந்திவிடும். வைஃபையே இல்லாத நூறு டொலர்க்குட்பட்ட சின்னப் பிளேயர் அந்த விடயத்தில் கண்டிப்பானது. திரை சிறிது, தமிழ் எழுத்து சிலதில் கட்டம் கட்டமாகத் தெரியும், அல்பத்தின் படம் தபால் தலை அளவு. கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்க அதில் எதுவுமில்லை. அதுவே அதன் தகுதி.

காதை அடைத்துக்கொண்டு திரிவது மரியாதைக் குறைவு என்ற முறைப்பாடு வோக்மன் அளவுக்குப் பழையது. 1979 ஜூலை 1ஆம் திகதி 33,000 யென்னுக்கு விற்பனைக்கு வந்த முதல் வோக்மனில் இரண்டு பேர் கேட்க இரண்டு துளை இருந்தது. ஒலியைத் தணித்துப் பக்கத்தில் இருப்பவரோடு பேச ஒரு செம்மஞ்சள் பொத்தானும் வைத்தார்கள். தனியே கேட்பது பண்பில்லை என்று சொனியின் அகியோ மொரிட்டாவே அஞ்சியதன் விளைவு அது. பிந்திய மாதிரிகளில் அந்தப் பொத்தான் போய்விட்டது. வெள்ளவத்தைக் கடற்கரைத் தண்டவாளத்தில் நடப்பவருக்கோ இது மரியாதைப் பிரச்சினையும் அல்ல, உயிர்ப் பிரச்சினை. இயர்போனோடு நடந்து ரயிலில் அடிபட்டவர்களின் செய்தி இங்கே அடிக்கடி வருகிறது. போனிலிருந்து கேட்டாலும் பிளேயரிலிருந்து கேட்டாலும் ரயிலுக்கு ஒன்றுதான்.

பாட்டுக்கு எங்கே போவது? இதுதான் சங்கடமான இடம். காலி வீதியின் போன் கடைகளில், “அண்ணா, இந்தச் சிப்புக்குப் பாட்டு ஏத்தித் தருவீங்களா?” என்று கேட்டால் சில நூறு ரூபாய்க்கு ஆயிரம் பாட்டை நிரப்பிக் கொடுக்கும் காலம் ஒன்று இருந்தது. ரெக்கோர்டிங் பாரின் பேரப்பிள்ளை அது. சட்டப்படி இரண்டும் திருட்டுத்தான். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அதில் தெளிவாக இருக்கிறது. நேர்மையாகச் சேர்க்க விரும்புபவருக்கு வழி குறுகியது: கைவசமுள்ள குறுந்தட்டுகளைக் கணினியில் ஏற்றுவது, கோப்பாக விற்கும் தளங்களில் விலைகொடுத்து வாங்குவது, பழைய ஒலிநாடாவைக் கணினிக்கு மாற்றுவது. கடைசியாகச் சொன்னது பொறுமையைச் சோதிக்கும். 90 நிமிட நாடாவை மாற்ற 90 நிமிடம் ஆகும், அதில் குறுக்கு வழி கிடையாது. பாட்டுப் பாட்டாக வெட்டிப் பெயரிடுவதற்கு இன்னொரு மாலை.

ஆனால் பலருக்கு அந்த வேலையைத் தவிர வேறு கதி இல்லை. திரைப்பாட்டு எங்கும் கிடைக்கும். நித்தி கனகரத்தினமும் ஏ.இ. மனோகரனும் பாடிய பொப் பாடல்களில் பிரபலமானவையும் கிடைக்கும். அளவெட்டி என்.கே. பத்மநாதன் ஏதோவொரு கோயில் திருவிழாவில் விடியும்வரை வாசித்த நாதஸ்வரம், தவில் மேதை தட்சிணாமூர்த்தியின் தனி, எழுபதுகளில் இலங்கை வானொலி வளர்த்த ஈழத்து மெல்லிசை, ‘கோமாளிகளின் கும்மாளம்’, சில்லையூர் செல்வராசனின் ‘தணியாத தாகம்’ போன்ற நாடகங்கள் ஆகியவற்றில் எவ்வளவு ஸ்பொட்டிஃபையில் இருக்கிறது? தேடுபவர் கையில் அகப்படுவது, யாரோ வானொலியில் பிடித்து யூடியூபில் ஏற்றிய கரகர ஒலிதான். மிச்சமெல்லாம் ரொறன்ரோவிலும் லண்டனிலும் வெள்ளவத்தையிலும் யார் யாருடைய வீட்டிலோ நாடாவாகக் கிடக்கிறது. நாடாவுக்கு ஆயுள் குறைவு; கொழும்பின் ஈரக்காற்றுக்கு முதலில் பூஞ்சணம் பிடிப்பது அதில்தான்.

ஆகவே இது தனி மனிதர்களின் பொழுதுபோக்காக மட்டும் இருக்க வேண்டியதில்லை. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் தன் களஞ்சியத்தில் எஞ்சியுள்ள தமிழ்ப் பதிவுகளை, தான் தயாரித்த நாடகம், மெல்லிசை, கச்சேரிகளையாவது, மெமரி கார்டில் விலைக்கு விடலாம். சரிகம செய்ததும் அதைத்தான்: கிடங்கில் கிடந்த உரிமையை ஒரு பெட்டிக்குள் போட்டு விற்றது. திரைப்பாட்டுக்குச் சென்னையிலும் கொல்கத்தாவிலும் கைகட்டி நிற்க வேண்டும். சொந்தத் தயாரிப்புக்கு அந்தத் தொல்லை இல்லை. நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்து நூல்களை இணையத்தில் இலவசமாகச் சேர்த்துவரும் அனுபவமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. எழுதியவர், பாடியவர், நடித்தவர், அவர்கள் இல்லையென்றால் அவர்களுடைய பிள்ளைகள் என்று பங்கு பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பதால் கணக்குப் பிரிவுக்கு வேலை கூடும். கூட்டுத்தாபனம் தயங்குமானால் பெரும்பாலும் அதற்காகத்தான் தயங்கும். பழைய ஒப்பந்தக் கோப்புகளை எடுத்துப் பெயர்ப்பட்டியல் தயாரிக்க இரண்டு பேரை அமர்த்தினால் அந்த வேலையைத் தொடங்கிவிடலாம்.